4 பேர் குடும்பத்துக்கு 60 ரூபாய்க்குள்ள ஸ்மூத்தி பவுல் முடியுமா? அனுப்பர்பாளையம் கணக்கு!



திருப்பூர்ல காலை நேரம் எப்படி ஓடும்னு உங்களுக்கே தெரியும். 8.30க்கு பனியன் கம்பெனில மெஷின் ஓட ஆரம்பிச்சிடும். அதுக்கு முன்னாடி தண்ணி பிடிக்கணும், பிள்ளைகளைக் கிளப்பணும், மதியத்துக்கு டிபன் பாக்ஸ் கட்டணும். இந்த ஓட்டத்துல முதல்ல அடிபடுறது காலைச் சாப்பாடுதான். ஒரு டீயைக் குடிச்சிட்டு கிளம்புறோம். அப்புறம் டீ டைம்ல ரெண்டு வடையோ ஒரு பன்னோ வாங்கிச் சாப்பிடுறோம். பிள்ளைங்க கையில பிஸ்கட் பாக்கெட்.

இதுல ரெண்டு நஷ்டம் இருக்கு. ஒண்ணு பணம். 10, 20 ரூபாயா போறதால கண்ணுக்குத் தெரியறதில்லை. இன்னொண்ணு உடம்பு. தேசிய குடும்பநல ஆய்வோட 2019-21 அறிக்கைப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4% பேருக்கு ரத்தசோகை. 5 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகள்ல 57.4%. அதாவது ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேல. ஓவர்லாக் மெஷின்லயும் செக்கிங் டேபிள்லயும் நாள் முழுக்க உட்கார்ந்தும் நின்னும் வேலை பார்க்கிற பெண்கள் இருக்கிற ஊர்ல, இது சும்மா கடந்து போற நம்பர் இல்லைங்க.

அதனால இன்னைக்கு ஒரு காலை உணவை எடுத்து, பைசா பைசாவா கணக்குப் போடப் போறோம். ரீல்ஸ்ல அழகழகா காட்டுவாங்களே, அந்த ஸ்மூத்தி பவுல். அது பணக்காரங்க சாப்பாடுன்னு நினைச்சு தள்ளி விட்டுருப்பீங்க. அனுப்பர்பாளையத்துல ஒரு 4 பேர் குடும்பம் இதை 60 ரூபாய்க்குள்ள செய்ய முடியுமா? செஞ்சா நிஜமாவே காசு மிச்சமாகுமா? வாங்க பார்க்கலாம்.

ஸ்மூத்தி பவுல்ல விலை எங்க ஏறுது?

விஷயம் ரொம்ப சிம்பிள். பழத்தைக் கெட்டியா அரைச்சு, கிண்ணத்துல ஊத்தி, மேல கொஞ்சம் மொறுமொறுப்பா எதையாவது தூவி, ஸ்பூன்ல சாப்பிடுறது. ஜூஸ் மாதிரி மடக்குன்னு குடிக்கிறது இல்லை. பிரேசில்ல அசாயின்னு ஒரு பனைவகை மரத்தோட பழத்தை அரைச்சு கிண்ணத்துல சாப்பிடுவாங்க. அங்கிருந்துதான் இந்த ஃபேஷன் உலகம் முழுக்க பரவுச்சு. அவங்களுக்கு அது உள்ளூர்ப் பழம். நமக்கு அது இறக்குமதி.

பெரிய ஊர் கஃபேல ஒரு பவுலுக்கு 200 ரூபாய்க்கு மேல வாங்குறாங்க. காரணம் பழம் இல்லைங்க. ப்ளூபெர்ரி, பாதாம் பால், கிரனோலா, சியா விதை, கடை வாடகை, ஏசி. இதையெல்லாம் எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது நாலே நாலு பகுதி:

- பழம் (இனிப்பும் கெட்டித்தன்மையும் இதுல இருந்து வரும்)
- வயிறு நிரப்புற தானியம் (ஓட்ஸுக்குப் பதிலா அவல், ராகி, கம்பு)
- புரதம் (தயிர், வேர்க்கடலை, பொட்டுக்கடலை)
- மேல தூவ ஏதாவது (வறுத்த எள்ளு, பொரி, உடைச்ச கடலைமிட்டாய்)

யோசிச்சுப் பாருங்க, இது நமக்குப் புதுசே இல்லை. பக்கத்துல இருக்கிற பழனில பஞ்சாமிர்தம் எப்படி செய்யறாங்க? வாழைப்பழத்தைப் பிசைஞ்சு, சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் சேர்க்கிறாங்க. 2019ல புவிசார் குறியீடும் வாங்கின ஐட்டம். தினமும் காலையில சாப்பிட அதுல இனிப்பு அதிகம், அவ்வளவுதான். இனிப்பைக் குறைச்சு, தயிரும் தானியமும் சேர்த்தா அதுதான் நம்ம ஊர் பவுல்.

மாத்திக்க வேண்டிய லிஸ்ட் இதோ:

- ப்ளூபெர்ரிக்குப் பதிலா பப்பாளி, கொய்யா, சீசன்ல நாவல்பழம்
- பாதாம் பாலுக்குப் பதிலா வீட்டுத் தயிர்
- கிரனோலாவுக்குப் பதிலா வறுத்த வேர்க்கடலையும் பொரியும்
- சியாவுக்குப் பதிலா ஊற வச்ச சப்ஜா (இதுவும் கட்டாயம் இல்லை)
- இறக்குமதி சிரப்புக்குப் பதிலா நாட்டுச் சர்க்கரை, அதுவும் கொஞ்சமா

பழத்தை எங்க, எப்ப வாங்கணும்?

பவுலோட விலையில பாதி பழம்தான். அதனால சேமிப்பும் இங்கதான் ஆரம்பிக்கும்.

திருப்பூர்ல தென்னம்பாளையத்துல தெற்கு உழவர் சந்தை இருக்கு. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் வடக்கு உழவர் சந்தை இருக்கு. அனுப்பர்பாளையத்துக்காரங்க அவிநாசி ரோட்டுல பஸ் ஏறினா போதும். உழவர் சந்தைல தினமும் விலையை போர்டுல எழுதிப் போடுவாங்க. அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. தள்ளுவண்டிக்காரர் சொல்ற விலை நியாயமா, கூடுதலான்னு அந்த வாரம் முழுக்க நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

ரெண்டாவது டிப், கனிஞ்ச பழத்தைக் கேளுங்க. தோல்ல கரும்புள்ளி விழுந்த வாழைப்பழத்தை சாயங்காலம் குறைச்சுக் கொடுத்துடுவாங்க. மறுநாள் அது விக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். நமக்கோ அதுதான் வேணும். நல்லா கனிஞ்ச பழத்துல இனிப்பு அதிகம், அதனால சர்க்கரை போடுற வேலை குறையும். ஆனா ஒண்ணு, கரும்புள்ளி வேற, அழுகல் வேற. நீர் விட்டு, புளிச்ச வாடை வந்தா எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம்.

மூணாவது, சீசனோட போங்க. வாழையும் பப்பாளியும் வருஷம் முழுக்க கிடைக்கும். கோடையில மாம்பழம், தர்பூசணி. நம்ம பக்கம் ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர் போன ஊர், வரத்து அதிகமா இருக்கிறப்ப மூட்டை மூட்டையா வந்து இறங்கும். விலை ஏறின பழத்தை அடம்பிடிச்சு வாங்காதீங்க. பவுலுக்கு எந்தப் பழமும் செட் ஆகும்.

அவல் வாங்கும்போது இன்னொரு விஷயம். பேக் பண்ணி லேபிள் ஒட்டின அவலுக்கு 2022 ஜூலை 18ல இருந்து 5% ஜி.எஸ்.டி. உண்டு. மளிகைக்கடையில மூட்டைல இருந்து எடை போட்டுக் கொடுக்கிறதுக்குக் கிடையாது. சுத்தமான கடையா இருந்தா எடை போட்டே வாங்கலாம்.

3 பவுல், 3 கணக்கு

கீழ இருக்கிற விலையெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட விலை. உங்க தெருவுல கூடவோ குறையவோ இருக்கும். அளவு மாறாது, விலையை மட்டும் மாத்திப் போட்டுக்கங்க. எல்லாமே 4 பேருக்கு.

1. வாழைப்பழ அவல் பவுல்

- வாழைப்பழம் 500 கிராம் (கிலோ 50 ரூபாய்): 25.00
- அவல் 120 கிராம் (கிலோ 70 ரூபாய்): 8.40
- வீட்டுத் தயிர் 300 மில்லி (பால் லிட்டர் 50 ரூபாய்): 15.00
- வறுத்த வேர்க்கடலை 60 கிராம் (கிலோ 140 ரூபாய்): 8.40
- நாட்டுச் சர்க்கரை 30 கிராம் (கிலோ 70 ரூபாய்): 2.10

மொத்தம் 58.90. ஒருத்தருக்கு 15 ரூபாய்க்குள்ள.

அவலைக் கழுவி, தயிர்ல போட்டு 10 நிமிஷம் விடுங்க. கெட்டி அவல்னா 20 நிமிஷம். குளிக்கப் போறதுக்கு முன்னாடி ஊறப் போட்டா வரும்போது ரெடியா இருக்கும். முக்கால்வாசிப் பழத்தையும் பாதி அவலையும் சேர்த்து மிக்ஸில அரைச்சு, மிச்ச அவலை அப்படியே கலந்துடுங்க. மேல மிச்சப் பழத்தை வெட்டிப் போட்டு, கடலையைத் தூவுங்க. இந்த அளவுல ஒருத்தருக்கு சுமார் 350 கலோரியும் 9 கிராம் போல புரதமும் கிடைக்கும். உடல் உழைப்பு வேலைக்குப் போறவங்களுக்கு அது பத்தாது. கூட ஒரு அவிச்ச முட்டை வச்சா 6 கிராம் புரதம் சேரும்.

கரண்ட் இல்லையா? மிக்ஸியே வேண்டாம். பழத்தைக் கையால பிசைஞ்சு கலந்தா ருசி இன்னும் நல்லாவே இருக்கும்.

2. பப்பாளி ராகி பவுல்

- பப்பாளி 600 கிராம் (கிலோ 40 ரூபாய்): 24.00
- ராகி மாவு 80 கிராம் (கிலோ 60 ரூபாய்): 4.80
- வீட்டுத் தயிர் 200 மில்லி: 10.00
- வறுத்த எள்ளு 20 கிராம் (கிலோ 240 ரூபாய்): 4.80
- வெல்லம் 40 கிராம் (கிலோ 70 ரூபாய்): 2.80

மொத்தம் 46.40. ஒருத்தருக்கு 12 ரூபாய்க்குள்ள. மூணுல இதுதான் மலிவு.

ராகியை முந்தின நாள் ராத்திரியே 400 மில்லி தண்ணில கரைச்சு, கட்டி விழாம கிளறி, கூழாக் காய்ச்சி ஆற வச்சிடுங்க. பச்சை மாவை நேரா மிக்ஸில போடக் கூடாது, வேகணும். காலையில ஆறின கூழ், தயிர், வெல்லம், பப்பாளி எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்தினா முடிஞ்சது. 100 கிராம் ராகில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு. வளர்ற பிள்ளைகளுக்கு நல்ல ஐட்டம்.

ஒரு எச்சரிக்கை: பப்பாளியையும் அன்னாசியையும் தயிர், பாலோட அரைச்சு ரொம்ப நேரம் வச்சா கசப்பு ஏறிடும். அந்தப் பழங்கள்ல இருக்கிற என்சைம் பால் புரதத்தை உடைக்கிறதால வர்ற கசப்பு அது. கெட்டுப் போனது இல்லை, ஆனா பிள்ளைங்க தொட மாட்டாங்க. அதனால அரைச்ச உடனே சாப்பிட்டுடணும்.

3. கொய்யா பொட்டுக்கடலை பவுல்

- கொய்யா 400 கிராம் (கிலோ 60 ரூபாய்): 24.00
- வாழைப்பழம் 250 கிராம்: 12.50
- பொட்டுக்கடலை 60 கிராம் (கிலோ 120 ரூபாய்): 7.20
- வீட்டுத் தயிர் 200 மில்லி: 10.00
- நாட்டுச் சர்க்கரை 20 கிராம்: 1.40

மொத்தம் 55.10. ஒருத்தருக்கு 14 ரூபாய்க்குள்ள.

பொட்டுக்கடலையை முதல்ல தனியா பொடிச்சு வச்சுக்கங்க. ஏற்கெனவே வறுத்ததுதான், வேக வைக்க வேண்டியதில்லை. கொய்யா விதை சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கலைன்னா, நடுப்பகுதியை மட்டும் தனியா அரைச்சு வடிகட்டிக்கலாம். தோலைச் சீவ வேண்டாம்.

ரத்தசோகை இருக்கிற வீட்டுக்கு நான் முதல்ல சொல்றது இந்தப் பவுலைத்தான். 100 கிராம் கொய்யாவுல சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி. ஆரஞ்சை விட பல மடங்கு. தானியம், கீரை, பருப்புல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க வைட்டமின் சி உதவி பண்ணும். டீ அதுக்கு நேர் எதிரா வேலை செய்யும். அதனால சாப்பாட்டோட சேர்த்து டீ குடிக்காம, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. இதுக்கு ஒரு ரூபாய் செலவு இல்லை. ஆனா ரத்தசோகைக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தா, பவுல் சாப்பிடுறோம்னு மாத்திரையை நிறுத்தாதீங்க.

இந்த மூணையும் மாத்தி மாத்திச் செஞ்சா ஒரு நாளைக்கு சராசரி 53, 54 ரூபாய். கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. 60க்குள்ள முடியும்!

ராத்திரி 5 நிமிஷம், காலையில 7 நிமிஷம்

காலையில எல்லா வேலையும் சேர்த்துப் பண்ணினா இது ரெண்டு நாள்ல நின்னு போயிடும். அதனால வேலையைப் பிரிச்சுக்கங்க.

ஞாயிற்றுக்கிழமை: ஒரு வாரத்துக்கு வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து டப்பால போடுங்க. பொட்டுக்கடலை பொடிங்க. கனிஞ்ச வாழைப்பழம் மலிவா கிடைச்சா தோலை உரிச்சு, வில்லையா வெட்டி, ஃப்ரீசர்ல வச்சிடுங்க. அப்படி உறைஞ்ச பழத்தை அரைச்சா ஐஸ்கிரீம் மாதிரி கெட்டியா வரும்.

ராத்திரி: பால் தோய வைங்க. மறுநாள் ராகி நாளா இருந்தா கூழ் காய்ச்சுங்க.

காலையில: அரைக்கணும், ஊத்தணும், தூவணும்.

2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசுத் திட்டத்துல வந்த இலவச மிக்ஸி இன்னும் நிறைய வீட்டுல ஓடிக்கிட்டிருக்கு. அந்த மாதிரி பழைய மிக்ஸில உறைஞ்ச பழத்தை அப்படியே போடாதீங்க. 5 நிமிஷம் வெளியில வச்சு, தயிரை முதல்ல ஊத்தி, விட்டு விட்டு ஓட்டுங்க. மோட்டார் எரிஞ்சு போனா நாம மிச்சம் பிடிச்சதெல்லாம் ரிப்பேர் கடைக்குத்தான் போகும்.

கரண்ட் பில் பயம் வேண்டாம். 750 வாட் மிக்ஸி 3 நிமிஷம் ஓடினா 0.04 யூனிட்கூட ஆகாது. மாசம் 26 நாள் ஓட்டினாலும் ஒரு யூனிட்தான்.

கிண்ணத்துக்குத் தனியா காசு போடாதீங்க

ரீல்ஸ்ல பார்த்துட்டு ஆன்லைன்ல தேங்காய்ச் சிரட்டை பவுல், மரக் கரண்டின்னு ஆர்டர் போடுறவங்க இருக்காங்க. அனுப்பர்பாளையத்துல உட்கார்ந்துக்கிட்டு பவுலை ஆன்லைன்ல வாங்கலாமா? அண்டா, குண்டா, குடம், சொம்புன்னு பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர் போன ஊருங்க இது. வீட்டுல இருக்கிற எவர்சில்வர் கிண்ணமே தாராளமா போதும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. பட்டறை ஊர்ங்கிறதால நிறைய வீட்டுல பித்தளை, செம்புப் பாத்திரமும் இருக்கும். பழமும் தயிரும் புளிப்பு. ஈயம் பூசாத பித்தளையிலயும் செம்புலயும் புளிப்பை வச்சா உலோகம் கரைஞ்சு சாப்பாட்டுல இறங்கும். பார்க்க அழகா இருக்குன்னு பவுலுக்கு அதை எடுத்துடாதீங்க.

சரி, நிஜமா எவ்வளவு மிச்சம்?

இங்கதான் பெரும்பாலான பட்ஜெட் டிப்ஸ் தப்புக் கணக்குப் போடும். "கஃபேல 250, வீட்டுல 15, ஆக 235 ரூபாய் லாபம்"னு சொல்லுவாங்க. நாம என்ன தினமும் கஃபேலயா சாப்பிடுறோம்? சாப்பிடாத சாப்பாட்டோட ஒப்பிட்டா வர்ற லாபம் பேப்பர்ல மட்டும்தான் இருக்கும்.

சரியான கேள்வி இதுதான்: இந்தப் பவுல் உங்க வீட்டுல எதை மாத்துது?

வீடு 1: இட்லி, தோசை, பழைய சோறு சாப்பிடுற வீடு. மாவு வீட்டுலயே ஆட்டி, காலையில எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுறீங்கன்னா, பவுலால பெருசா பணம் மிச்சமாகாது. செலவு ஏறக்குறைய சமம்தான். சில நாள் பவுல்தான் கூடுதலாகூட ஆகும். உங்களுக்கு லாபம் பழம் சேர்றதும் நேரமும்தான். வாரம் ரெண்டு நாள், மாவு தீர்ந்த அன்னைக்கு செஞ்சா போதும்.

வீடு 2: வெளியில வாங்குற வீடு. ஒரு உதாரணக் கணக்கு. கணவர் பாத்திரப் பட்டறைல வேலை, மனைவி பனியன் கம்பெனில. ரெண்டு பேரும் வேலை நாள்ல ஆளுக்கு 40 ரூபாய்க்கு வெளியில டிபன். ரெண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20 ரூபாய்க்கு பன், பிஸ்கட். மாசம் 26 வேலை நாள்.

- பெரியவங்க: 40 × 2 × 26 = 2,080
- பிள்ளைகள்: 20 × 2 × 26 = 1,040
- மொத்தம்: 3,120 ரூபாய்

பவுலுக்கு மாறினா:

- பவுல்: 54 × 26 = 1,404
- பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டை, 7 ரூபாய்: 7 × 2 × 26 = 364
- மொத்தம்: 1,768 ரூபாய்

மிச்சம் 1,352 ரூபாய். வாரத்துக்கு 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல.

வீடு 3: சாப்பிடாமலே போற வீடு. உங்களுக்கு இது செலவு. ஒளிக்காம சொல்றேன், மாசம் 1,000 ரூபாய்க்கு மேல கூடும். ஆனா பீஸ் ரேட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு உடம்புதான் முதலீடு. 11 மணிக்கு தலை சுத்தி உட்கார்ந்தா அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. மாசம் ரெண்டு நாள் லீவு விழுந்தா போற பணத்தையும் இந்த செலவையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

பிள்ளைங்க அரசுப் பள்ளியில 1 முதல் 5ஆம் வகுப்புக்குள்ள படிக்கிறாங்களா? முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துல பள்ளியிலயே உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சூடா கொடுக்கிறாங்க. 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 25ல மாநிலம் முழுக்க இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுல முழு பவுல் தேவையில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அரைக் கிண்ணம் கொடுங்க. பிஸ்கட் செலவும் அதுலயே குறைஞ்சிடும்.

மிச்சமான பணம் சனிக்கிழமையே நகரணும்

வீடு 2 மாதிரி குடும்பம்னா, இந்தப் பகுதிதான் உங்களுக்கு ரொம்ப முக்கியம். 1,352 ரூபாய் மிச்சம்னு நோட்டுல எழுதினா அது சேமிப்பு ஆகாது. பர்ஸ்ல இருந்தா வேற ஏதாவது செலவுக்குப் போயிடும், உங்களுக்கே தெரியாது.

திருப்பூர்ல நமக்கு ஒரு வசதி, சனிக்கிழமை சம்பளம். சம்பளம் கைக்கு வந்த அன்னைக்கே 250 ரூபாயைத் தனிக் கவர்ல போடுங்க. 4 சனிக்கிழமைக்கு 1,000 ரூபாய். சில நாள் அவசரத்துல வெளியில சாப்பிட வேண்டி வரும், அதுக்காகத்தான் 1,352ஐ முழுசா எடுக்காம 1,000ல நிறுத்துறேன்.

அந்தப் பணத்துக்கு ரெண்டு படி இருக்கு.

முதல் படி, அவசர நிதி. 2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டப்ப, ஆர்டர் குறைஞ்ச கம்பெனிகள்ல என்ன ஆச்சுன்னு திருப்பூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓடின இடத்துல ஒரு ஷிப்ட். வேலை குறைஞ்சாலும் வாடகையும் குழு லோன் தவணையும் குறையாது. அந்த நேரத்துல வார வட்டிக்குப் போகாம இருக்கணும்னா, முதல்ல 10 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகை சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருக்கணும். ஏற்கெனவே வார வட்டிக் கடன் இருந்தா, இந்த 250 முதல்ல அதை அடைக்கத்தான் போகணும். எந்தச் சேமிப்பும் அந்த அளவு வட்டி தராது.

ரெண்டாவது படி, போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாசம் 100 ரூபாய்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 5 வருஷத் திட்டம். 2023 அக்டோபர்ல வட்டி 6.5%ல இருந்து 6.7% ஆச்சு. அரசு 3 மாசத்துக்கு ஒரு தடவை வட்டியை அறிவிக்கும், ஆனா நீங்க கணக்கு ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன வட்டியோ அதுதான் 5 வருஷத்துக்கும். அதனால ஆரம்பிக்கிற அன்னைக்கு கவுன்டர்ல கேட்டுக்கங்க.

6.7% வட்டில மாசம் 1,000 ரூபாய் போட்டா, 60 மாசத்துல நீங்க கட்டுறது 60,000. முடிவுல கைக்கு வர்றது சுமார் 71,360 ரூபாய். மூத்த பிள்ளை இப்ப 7ஆம் வகுப்புன்னா, பிளஸ் டூ முடிச்சு காலேஜ் ஃபீஸ் கட்டுற நேரத்துக்குச் சரியா வரும்.

ஒரு தவணை தவறினா 100 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம் அபராதம் உண்டு. 12 தவணை ஒழுங்கா கட்டினப்புறம் அவசரம்னா போட்ட பணத்துல 50% வரை கடன் வாங்கலாம். 5 வருஷம் முடியறதுக்கு முன்னாடி மூடினா வட்டி குறைஞ்சிடும், அதனால அவசர நிதி ரெடியான பிறகு இதுக்கு வாங்க.

யார் யாரெல்லாம் கவனமா இருக்கணும்?

சர்க்கரை வியாதி இருக்கிறவங்க. 2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுல தமிழ்நாட்டுல 14.4% பேருக்கு சர்க்கரை வியாதின்னு வந்தது. அரைச்சா ரெண்டு மூணு பழம் ஈஸியா உள்ளே போயிடும், அளவு தெரியாது. அப்பா, அம்மா, மாமியார், மாமனாருக்கு சுகர் இருந்தா, அவங்களுக்கு நாட்டுச் சர்க்கரை, வெல்லம் வேண்டாம். பழத்தை அரைக்காம, டாக்டர் சொன்ன அளவுல கொய்யாத் துண்டா கொடுங்க. நாட்டுச் சர்க்கரைன்னா சுகர் ஏறாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு வாழைப்பழத்துல இருக்கிற பொட்டாசியம் ஒத்துக்காமப் போகலாம். டாக்டரைக் கேட்டுட்டு சாப்பிடணும்.

சின்னக் குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை தொண்டையில அடைக்கும். பொடிச்சுத்தான் போடணும். ஒரு வயசுக்குக் கீழ தேன் கூடவே கூடாது.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் சாப்பிடணும்னு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. நம்ம பவுல்ல அது வந்துடுது. "நல்லதுதானே"ன்னு ரெண்டு பவுல் வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. இன்னைக்கு ராத்திரி: போன வாரம் காலைச் சாப்பாட்டுக்கு வெளியில எவ்வளவு போச்சுன்னு வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க. டீ டைம் வடையையும் விடாதீங்க.
2. நீங்க வீடு 1, 2, 3ல எதுன்னு முடிவு பண்ணுங்க.
3. ஞாயிற்றுக்கிழமை: ஒரு வாரத்துக்கு மட்டும் அவல், கடலை, பழம் வாங்குங்க. மூட்டையா வாங்கி வைக்காதீங்க. பிள்ளைகளுக்குப் பிடிக்குதான்னு முதல்ல பாருங்க.
4. திங்கள்ல இருந்து 3 நாள்: மூணு பவுலையும் ஒரு தடவை செஞ்சு பாருங்க. எது காலியாச்சோ அதைத் தொடருங்க.
5. சனிக்கிழமை: பவுல் செஞ்ச நாட்களுக்கான மிச்சத்தை எண்ணி எடுத்து கவர்ல போடுங்க. 3 நாள்தான் செஞ்சீங்கன்னா 3 நாள் பணம் போதும், முழு வாரக் கணக்கை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

உங்க தெருவுல இன்னைக்குப் பழம் என்ன விலை, உங்க வீட்டுக்கு ஒரு பவுல் எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போட்டு எழுதுங்க. உங்க நம்பரை வச்சே அடுத்த வீடியோவுல டீ டைம் செலவை எடுத்துக்கலாம். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க, கணக்குப் பார்த்துச் சாப்பிடுங்க.